ஒரு பெயரில் ஒளிந்திருந்த இரண்டு தும்பிகள்

(தொலைக்காட்சி மன்றத்தில் ஒளியேறிய உரையின் எழுத்து வடிவம்)



சட்டைப் பையில் 20 காசு நாணயம் இருந்தால் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம். 2012ஆம் ஆண்டு புழக்கத்துக்கு வந்த அந்த நாணயத்தின் விட்டம் 20 மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். இரண்டு பக்கமும் இறக்கையை முழுதாக விரித்துக்கொண்டு அந்த நாணயத்தின்மேல் ஒரு தும்பி உட்கார்ந்தால், இறக்கை நுனி ஏறக்குறைய நாணயத்தின் விளிம்போடு நின்றுவிடும். தலையிலிருந்து வால் நுனி வரை அளந்தால் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுதான் வரும். உலகத் தும்பிகளில் மிகச் சிறியவற்றுள் ஒன்றாக எண்ணப்படும் இந்தக் குட்டித் தும்பி நம் மலேசியாவில் வாழ்கிறது. ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த பெரும்பாலோர் இதைப் பார்த்ததில்லை. பார்த்தவர்களும் ஏதோ ஒரு சிவப்பு ஈ என்று நினைத்துக் கடந்து போயிருப்பார்கள்.

தும்பி என்ற சொல்லைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. குறுந்தொகையில் தும்பியை அழைத்துப் பேசும் பாடலைப் பள்ளியில் படித்தவர்கள் உண்டு. அங்கே தும்பி என்பது தேன் தேடும் வண்டைக் குறிக்கும். பிற்காலத்தில்தான் குளத்தோரம் பறக்கும் இந்தப் பூச்சிக்கும் அப்பெயர் வழங்கலாயிற்று. தமிழகத்தில் தட்டான் என்றும் தட்டாரப்பூச்சி என்றும் சொல்வார்கள். மலாய்க்காரர்கள் பெபாத்துங் என்பார்கள். அறிவியலார் இந்தக் குட்டித் தும்பிக்குக் கொடுத்த பெயர் நன்னோஃபியா பிக்மேயா. பெயரின் இரண்டு பகுதிகளிலுமே 'குள்ளம்' என்ற பொருள்தான் இருக்கிறது. ஒருமுறை சொன்னது போதாது என்று பெயர் வைத்தவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்!

ஆண் தும்பி நல்ல மிளகாய்ப்பழச் சிவப்பு. பெண் தும்பிக்கு அந்தப் பகட்டு இல்லை; பழுப்பும் கறுப்பும் மஞ்சளும் மாறி மாறி வளையம் போட்ட உடல். ஆண், நீருக்கு மேல் அரை முழ உயரத்தில் ஒரு கோரைப்புல் நுனியில் உட்கார்ந்துகொண்டு, தனக்கென ஒரு சிறு இடத்தை வளைத்து வைத்திருக்கும். வேறோர் ஆண் வந்தால் எழுந்து விரட்டும். மறுபடியும் அதே புல் நுனிக்கு வந்து சேரும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1980களில் நாள்கணக்காகக் குளத்தோரம் காத்திருந்து, எந்த ஆண் எந்த இடத்தைப் பிடித்தது, எந்தப் பெண் எங்கே முட்டையிட்டது என்று ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தார்கள். அத்தனை பெரிய போராட்டமும் ஒரு சாப்பாட்டு மேசை அகலமுள்ள சேற்றுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும்.

உச்சி வெயிலில் இதைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கும். தும்பி தன் வயிற்றுப் பகுதியைச் சூரியனை நோக்கி நேராக நிமிர்த்தி, தலைகீழாக நிற்பது போல் நிற்கும். இது விளையாட்டன்று. உடம்பின்மேல் விழும் வெயிலைக் குறைத்துக்கொள்ள அது கையாளும் வழி. கம்பத்தைப் படுக்க வைத்தால் முழு நீளத்திலும் வெயில் படும்; நட்டு நிறுத்தினால் முனையில் மட்டும்தானே படும்?

இதற்கு வேண்டிய வீடுதான் சங்கடமானது. பெரிய ஏரி வேண்டாம். ஓடும் ஆறும் வேண்டாம். கணுக்கால் நனையும் அளவுக்குக்கூட ஆழம் தேவையில்லை. ஊற்று நீர் கசிந்து தேங்கிய சேறு, அதில் கோரையும் பாசியும், மேலே மறைப்பில்லாத வெயில், இவை போதும். குஞ்சுகள் அந்தச் சில விரற்கடை நீரில்தான் வளர வேண்டும். மீன்கள் நிறைந்த ஆழமான குளம் அவற்றுக்கு ஆபத்து. அதே சமயம், வறண்டு வெடிக்கும் நிலமும் ஆகாது. ஆக, மனிதக் கண்ணுக்கு 'வீணாய்க் கிடக்கும் சதுப்பு' என்று படுகிற இடம்தான் இதற்குச் சொர்க்கம். மேலும், இது தொலைதூரம் பறக்கும் வகையன்று. கடல் கடந்து கண்டம் விட்டுக் கண்டம் போகும் தும்பிகளும் உண்டு. மழைக்கு முன் திடலில் கூட்டமாகச் சுற்றும் மஞ்சள் தும்பிகள் அந்த வகை. குட்டித் தும்பியோ பிறந்த சேற்றைச் சுற்றியே வாழ்ந்து முடிக்கும். அந்தச் சேறு போனால் பக்கத்து வட்டாரத்துக்குக் குடிபெயரும் சாமர்த்தியம் அதற்கு மிகக் குறைவு.

பெயர் வந்த கதை

பிரெஞ்சுப் பூச்சியியலார் ஜூல் பியேர் ராம்பூர் 1842ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இத்தும்பிக்குப் பெயர் சூட்டினார். அதன் பிறகு ஆசியாவில் எங்கெல்லாம் இப்படிப்பட்ட சிறிய சிவப்புத் தும்பி கிடைத்ததோ, அங்கெல்லாம் அதே பெயர் ஒட்டப்பட்டது. சீனம், கொரியா, ஜப்பான் தொடங்கித் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா வழியாகப் பாப்புவா நியூகினி வரை ஒரே பெயர். பனி கொட்டும் நாட்டில் வாழ்வதும், ஆண்டு முழுதும் வெயிலும் மழையுமாய் இருக்கும் நாட்டில் வாழ்வதும் ஒரே இனம்தானா என்று அவ்வப்போது ஐயம் எழுந்ததுண்டு. ஆனால் பெயர் மட்டும் மாறாமல் 178 ஆண்டுகள் நின்றது.

கொரியாவில் இத்தும்பியின் நிலைமை வேறு. அங்கே இதைக் 'கோமா ஜம்ஜாரி' என்பார்கள். நம் மொழியில் 'பொடியன் தும்பி' என்று சொல்லலாம். ஆண்டின் பெரும்பகுதியை, பனிக்காலம் உட்பட, நீருக்குள் குஞ்சாகவே கழித்துவிட்டு, கோடையில் சில வாரங்கள் மட்டும் இறக்கையோடு வெளியே வரும். இருக்கும் இடங்களும் விரல்விட்டு எண்ணத்தக்கவை. உல்சான் நகருக்கு அருகே மலைமேல் இருக்கும் முஜேச்சி சதுப்பு அவற்றுள் பேர்பெற்றது. 2007ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட இடம் அது. இவை தவிர, மலைச்சரிவுகளில் உழவர்கள் கைவிட்டுப் போன பழைய படிக்கட்டு நெல்வயல்களிலும் ஊற்று நீர் கசிந்து நிற்கும்போது இத்தும்பி குடியேறியது. இத்தனை அரிதாகிவிட்டதால் கொரிய அரசு இதை அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் இரண்டாம் தரப் பட்டியலில் வைத்தது. பிடித்தாலும் அழித்தாலும் சட்டப்படி குற்றம்.

நம் பக்கத்திலோ அதே பெயருடைய தும்பிக்கு உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் கொடுத்திருப்பது 'குறைந்த கவலைக்குரியது' என்ற தரம். ஒரே பெயர், ஓரிடத்தில் சட்டக் காவல், இன்னோரிடத்தில் கவலை வேண்டாம் என்ற முத்திரை. இதில் முரண்பாடு எதுவும் இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். சிவப்புப் பட்டியல் உலகம் முழுவதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு ஓர் இனம் அடியோடு மறையும் வாய்ப்பு எவ்வளவு என்று பார்க்கிறது. ஒரு நாட்டின் சட்டம் தன் எல்லைக்குள் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கிறது. கொரியாவில் இது முற்றிலும் அழிந்தாலும்கூட மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஏராளமாக இருக்கிறதே என்ற ஆறுதல் அப்போது இருந்தது.

அந்த ஆறுதலைத்தான் 2020ஆம் ஆண்டு கொரிய ஆய்வாளர்கள் பறித்துவிட்டார்கள்.

கொரியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பே யோன் ஜே தலைமையிலான குழுவினர் கொரியத் தும்பியின் உடலமைப்பையும் மரபணுத் தடயத்தையும் வெப்பமண்டலத் தும்பியோடு வைத்து ஒப்பிட்டார்கள். வெளித் தோற்றத்தில் அண்ணன் தம்பி போல் இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல என்று முடிவு செய்து, கொரியத் தும்பிக்கு நன்னோஃபியா கொரியானா என்ற புதுப் பெயரை வெளியிட்டார்கள். பாதுகாக்கப்பட்ட உயிரினம் ஒன்று இத்தனை காலம் வேறொருவர் பெயரில் அடையாள அட்டை வைத்திருந்தது போன்ற கதை இது.

பெயர் பிரிந்தால் என்ன ஆகும்?

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பாதுகாப்பைப் பொறுத்தவரை நிறையவே இருக்கிறது. முன்பு, கொரியாவில் அருகிய தும்பி என்பது பரந்த குடும்பத்தின் ஒரு வடகோடிக் கிளை மட்டுமே. இப்போது அது தனி இனம். அதற்கு வெப்பமண்டலத்தில் பங்காளி யாரும் இல்லை. முஜேச்சியிலும் கைவிட்ட வயல்களிலும் நடப்பதுதான் அந்த இனத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கும். மலேசியாவிலிருந்து கொண்டுபோய் அங்கே விட்டு இழப்பைச் சரிக்கட்ட முடியாது.

நம் தும்பிக்கும் இதில் பங்குண்டு. பரப்பு பெரிது என்பதால் கிடைத்த தரத்தில், வடக்கே இருந்த நிலப்பகுதியும் சேர்த்துக் கணக்கிடப்பட்டிருந்தது. அதைக் கழித்த பிறகும் தென்கிழக்காசியாவில் இது பரவலாகவே வாழ்கிறது. இன்றே அபாயம் என்று கூச்சலிட இடமில்லை. அப்படிக் கூச்சலிடுவது நேர்மையும் ஆகாது. ஆனால் ஒரு பெயருக்குள் ஓர் இனம் ஒளிந்திருந்தது என்றால், மீதியுள்ள நீண்ட பரப்பிலும் அப்படி ஒளிந்திருப்பவை இருக்கலாம் என்று எண்ணுவது இயல்பு. 'குறைந்த கவலை' என்ற முத்திரை எண்ணிப் பார்த்த பிறகு குத்தப்படுவது. எண்ணியது ஓர் இனத்தையா, இரண்டையா என்பதைப் பொறுத்து அதன் பொருளும் மாறிவிடும்.

2021ஆம் ஆண்டு டிசம்பரில் அதே ஒன்றியம், உலகத் தும்பிகள் அனைத்தையும் பற்றிய முதல் மதிப்பீட்டை வெளியிட்டது. 6,016 இனங்கள் ஆராயப்பட்டதில் 16 விழுக்காடு அழியும் அபாயத்தில் இருப்பதாகத் தெரிந்தது. தெற்கு, தென்கிழக்காசியாவில் மட்டும் அது நான்கில் ஒரு பங்குக்கு மேல். முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது, சதுப்பையும் மழைக்காட்டையும் அழித்துச் செம்பனை போன்ற பயிர்களை நடுவது. தோட்டத்தில் வாழ்ந்த குடும்பங்களுக்கு இந்தச் செய்தி கசப்பாக இருக்கலாம். செம்பனை சோறு போட்டது உண்மை. அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது என்பதும் உண்மை.

ஈயம் தோண்டிய நிலத்தில்

கிள்ளான் பள்ளத்தாக்கின் கதை இதில் தனிச் சுவையுடையது. 1857ஆம் ஆண்டு 87 சீனத் தொழிலாளர்கள் ஈயம் தேடி அம்பாங்குக்குப் போனார்கள். ஒரே மாதத்தில் 18 பேர்தான் மிஞ்சினார்கள் என்று கோலாலம்பூரின் பிறப்பைச் சொல்வார்கள். அன்று தொடங்கி நூற்றாண்டுக்கு மேலாக இந்த நிலம் தோண்டப்பட்டது. பிரிக்பீல்ட்ஸின் பெயரும் தோண்டியதால் வந்ததுதான். 1881ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் ஊரை அழித்த பிறகு, செங்கல்லால் நகரைக் கட்ட முடிவானபோது களிமண் எடுத்துச் சூளை போட்ட இடம் அது. தோண்டிய குழியில் மழை நீர் நிற்கும், கோரை முளைக்கும், தும்பி வரும். இது எல்லாக் குழிகளுக்கும் பொதுவான விதி.

1985ஆம் ஆண்டு அனைத்துலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபோது சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான ஏக்கர் வெள்ளை மணலும் குட்டைகளுமாகக் கிடந்தது. ஈயக்குட்டையில் பிள்ளைகள் மூழ்கி இறந்த துயரம் பல தாமான்களில் உண்டு. ஆகவே அந்தக் குட்டைகளை மூடுவதைக் குறை சொல்லும் துணிச்சல் எளிதில் வராது. ஆனால் குட்டையின் நடுப்பகுதி வேறு, ஓரம் வேறு. ஆழமான நடுப்பகுதி மனிதனுக்கு ஆபத்து. ஓரத்தில் நீர் கசிந்து நிற்கும் ஆழமற்ற சேறுதான் குட்டித் தும்பி போன்ற பூச்சிகளுக்கு இடம் கொடுப்பது.

பிறகு நடந்தது என்னவென்றால், பெரும்பாலும் ஆழத்தை வைத்துக்கொண்டு ஓரத்தை அழித்தார்கள். ஈயச்சுரங்கப் பள்ளங்கள் பொழுதுபோக்கு ஏரிகளாயின. சன்வேயின் நீர் விளையாட்டுப் பூங்கா, ஸ்ரீ கெம்பாங்கானின் மைன்ஸ் ஏரி, தித்திவங்சா ஏரிப் பூங்கா, எல்லாமே அந்த வழி வந்தவை. குடும்பத்தோடு நடக்க அழகான இடங்கள்தான். ஆனால் கரையைச் சிமெண்டால் கட்டி, புல்லை ஒட்ட வெட்டி, ஓரமெல்லாம் செங்குத்தாக்கிவிட்டால், நீர் நிறைய இருந்தும் இந்தத் தும்பிக்கு அங்கே கால் வைக்க இடமில்லை. ஏரி காப்பாற்றப்பட்டது என்று பலகை வைத்துவிடலாம். அதற்கு வேண்டிய ஈர விளிம்பு காப்பாற்றப்படவில்லை.

கொரியாவையும் கிள்ளான் பள்ளத்தாக்கையும் ஒப்பிடும்போது இங்கேதான் ஒற்றுமை தெரிகிறது. அங்கே உழவன் விட்டுப்போன வயல். இங்கே சுரங்கக்காரன் விட்டுப்போன குழி. இரண்டும் மனிதன் கெடுத்த நிலங்கள். ஆனால் அழியும் விதம் எதிரெதிர். கொரிய வயலைச் சும்மா விட்டால் நாணலும் மரமும் ஏறி, நிழல் விழுந்து, சேறு வறண்டு தும்பி போய்விடும். அதனால் அங்கே புல்லைக் களைந்து திறப்பாக வைத்திருக்க ஆள் வேண்டியிருக்கிறது. இங்கே சும்மா விடுவதே அபூர்வம். லோரி மண்ணைக் கொட்டி ஒரு வாரத்தில் மேடாக்கிவிடும்.

எல்லாம் போய்விட்டது என்றும் சொல்வதற்கில்லை. டெங்கில் அருகே பாயா இண்டா சதுப்பு நிலம் பழைய ஈயச்சுரங்க நிலத்தில் அமைந்தது. கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் காடும் 1920களில் சுரங்கத்தால் சூறையாடப்பட்ட நிலத்தில் நட்டு வளர்க்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதை உலக மரபுடைமை இடமாக அறிவித்தது. கெட்ட நிலம் திரும்பும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி இந்த வட்டாரத்தில் இல்லை. ஆனால் அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பிடித்தன.

இலைதழை மட்கி ஆழமாகப் படிந்த சதுப்புக் காடுகளின் கதை இன்னும் கடினமானது. அவற்றைக் கெடுத்த பிறகு திரும்பக் கொண்டுவருவது மிக அரிது. கோல லங்காட் வடக்கு வனக் காப்பகம் அத்தகையது. ஏறக்குறைய 957 ஹெக்டேர் பரப்பில் 97 விழுக்காட்டைக் காப்பகத் தகுதியிலிருந்து நீக்கி மேம்பாட்டுக்குக் கொடுக்கும் திட்டம் 2020ஆம் ஆண்டு வெளியானது. தெமுவான் பூர்வகுடி மக்களும் பொது இயக்கங்களும் எதிர்த்தார்கள். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், காட்டின் பாதிக்குச் சற்று மேற்பட்ட பகுதி நீக்கப்பட்டுவிட்டதாக அறிவிப்பு வந்தது. கிளம்பிய கோபம் எத்தகையதென்றால், செப்டம்பர் 8ஆம் நாளே சிலாங்கூர் மாநில அரசு அந்த முடிவை மீட்டுக்கொண்டது. அந்த விவாதத்தில் சூரியக் கரடியின் பெயர் அடிபட்டது. தும்பியை யாரும் பெரிதாகப் பேசவில்லை. பேசாதது தவறுமில்லை. கரடிக்காக நின்ற காட்டில் அங்குள்ள தும்பிகளும் தப்பித்தன.

சில தெளிவுகள்

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ அல்லூரின் ஓரம் சிவப்புத் தும்பியைப் பார்த்து, இதுதானா அது என்று கேட்கத் தோன்றும். பெரும்பாலும் இருக்காது. நகரத்தில் சாதாரணமாகத் தென்படுபவை ஆர்த்தெட்ரம் என்ற பெரிய வகையைச் சேர்ந்தவை. உடல் நீளம் குட்டித் தும்பியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். அதிலும் இரட்டைப் பிள்ளைகள் போல் இரண்டு இனம் உண்டு. முகம் நல்ல சிவப்பாகவும் மார்பு கரும்பழுப்பாகவும் இருந்தால் ஆர்த்தெட்ரம் க்ரைசிஸ். முகம் மஞ்சள் கலந்த பழுப்பாக இருந்தால் ஆர்த்தெட்ரம் டெஸ்டேசியம். இரண்டும் கலங்கிய நீரையும் பொறுத்துக்கொள்ளும். இரண்டும் குறைந்த கவலைக்குரியவையே. ஏ. ஜி. ஓர் எழுதி 2005ஆம் ஆண்டு வெளிவந்த தீபகற்ப மலேசிய, சிங்கப்பூர்த் தும்பிகள் பற்றிய நூல் கையிலிருந்தால் இனம் பிரிப்பது எளிது.

தும்பியை வளர்த்தால் டிங்கி ஒழிந்துவிடும் என்றும் சிலர் சொல்வார்கள். தும்பிக் குஞ்சு கொசுப் புழுவைத் தின்னும் என்பது மெய்தான். ஆனால் ஏடிஸ் கொசு முட்டையிடுவது பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும். அங்கே தும்பி குடும்பம் நடத்துவதில்லை. வாளியைக் கவிழ்க்கும் வேலை மனிதனுடையதாகவே இருக்கும். குட்டித் தும்பியைக் காக்க, அது மனிதனுக்கு மருந்தாகவோ காவலாகவோ இருந்தே தீர வேண்டும் என்று காரணம் தேடத் தேவையில்லை.

பார்க்க விரும்பும் நேயர்கள் காலை 10 மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகு போவது நல்லது. ஏரியின் நடுவைப் பார்க்க வேண்டாம். ஊற்று கசியும் புல்வெளி, காட்டோரச் சேறு, கோரை முளைத்த ஆழமற்ற ஓரம், இவற்றில் முழங்காலுக்குக் கீழே பார்வையை வைத்துப் பொறுமையாக நிற்க வேண்டும். முதலில் எதுவும் தெரியாது. ஒரு புல் நுனியில் சிவப்புப் புள்ளி ஒன்று எழுந்து ஒரு முழம் சுற்றி, மீண்டும் அதே நுனியில் வந்து உட்காரும். பிடிக்க வேண்டாம், சேற்றில் இறங்கவும் வேண்டாம், குஞ்சுகள் காலடியில்தான் இருக்கும். கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து, நாளையும் இடத்தையும் குறித்து வைத்தால் அடுத்த ஆண்டு அதே இடத்துக்குப் போய் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.